ஒரு பாட்டு, மூன்று பதிவு: ஆல்பத்தையும் லைவையும் ஒப்பிடுவது எப்படி

2025 கோடையில் அயர்ன் மெய்டன் என்ற ஹெவி மெட்டல் பேண்டின் ஷோ ஒன்றைப் பார்த்துவிட்டு வந்த என் தம்பிக்குத் தொண்டை கட்டியிருந்தது. கட்டிய தொண்டையோடு அவன் முதலில் சொன்னது இதுதான்: "அண்ணா, இனிமே ஆல்பமெல்லாம் சும்மா. லைவ்தான்." எந்தப் பாட்டை வைத்துச் சொல்கிறாய், எந்தப் பதிவோடு ஒப்பிட்டாய் என்று கேட்டேன். "எல்லாமேதான்ணா" என்றான். காதில் இன்னும் ரீங்காரம் அடங்காதவனிடம் அதற்குமேல் பேசிப் பயனில்லை.

இரண்டு வாரம் விட்டுப் பிடித்தேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனை உட்காரவைத்து, ஒரே ஒரு பாட்டை மூன்று பதிவுகளில் கேட்டோம். நடுவில் பேசியதையும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. முடிவில் ஒரு விஷயத்தில் அவன் இறங்கிவந்தான், இன்னொன்றில் நான். அன்றைக்குச் செய்ததையும், அதற்கு முன் பல வருஷம் தப்பும் தவறுமாகச் செய்து நான் பழகியதையும் சேர்த்து எழுதுகிறேன். உதாரணத்துக்கு மெய்டனையே வைத்துக்கொள்கிறேன்; எனக்கு அத்துப்படியான பேண்ட் அதுதான். உங்கள் பேண்ட் வேறாக இருந்தாலும் முறை இதேதான்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பது

"ஆல்பம் நல்லதா, லைவ் நல்லதா?" என்று மொட்டையாகக் கேட்டால் பதில் வராது, சண்டைதான் வரும். ஆல்பம் என்பது வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்தது. ஒரே கிட்டார் பகுதியை இரண்டு மூன்று முறை வாசித்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பார்கள். பாடகர் பல தடவை பாடியதிலிருந்து நல்ல வரிகளைப் பொறுக்கி ஒட்டியிருப்பார்கள். மேடையில் இருப்பது ஒரே வாய்ப்பு, அதுவும் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே. இரண்டையும் மொத்தமாகத் தராசில் வைத்தால் ஒன்றும் பிடிபடாது. பாட்டுப் பாட்டாகத்தான் போகவேண்டும்.

ஒரு பாட்டுக்கு மூன்று பதிவுகள் தேவை. ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று. அந்த ஆல்பம் வந்த காலத்தை ஒட்டிய லைவ் ஒன்று. சமீபத்திய கச்சேரி ஒன்று. பெரும்பாலானவர்கள் நடுவில் உள்ளதை விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு பிசகுகிறது. 40 வருஷத்துக்கு முந்தைய ஸ்டுடியோ பதிவையும் போன வருஷக் கச்சேரியையும் நேருக்கு நேர் வைத்தால், மேடை என்பதால் வந்த மாற்றம் எது, வயசாலும் ஆள் மாறியதாலும் வந்த மாற்றம் எது என்று பிரிக்க முடியாது. நடுப்பதிவு இருந்தால் முதல் வகை மாற்றம் அதிலேயே தெரிந்துவிடும். மிச்சம் காலத்தின் கணக்கு.

'ஹாலோட் பி தை நேம்' பாட்டை எடுத்துப் பாருங்கள். 1982 ஆல்பத்தில் ட்ரம்ஸ் க்ளைவ் பர். 1985-இல் வந்த 'லைவ் ஆஃப்டர் டெத்' பதிவில் நிக்கோ மெக்ப்ரெய்ன். 2025 டூரில் சைமன் டாசன். மூன்று பதிவு, மூன்று ட்ரம்மர். "முன்ன மாதிரி அடி இல்லை" என்று யாராவது சொன்னால், எந்த 'முன்ன' என்று முதலில் கேட்கவேண்டும். 'ராத்சைல்ட்' இன்னும் மோசம். 1981 'கில்லர்ஸ்' ஆல்பத்தில் அதைப் பாடியவர் பால் டி'ஆனோ. இப்போதைய பாடகர் ப்ரூஸ் டிக்கின்சன் வந்தது அதற்கு அடுத்த ஆல்பத்தில். 2025 ப்ரூஸை 1981 டி'ஆனோவோடு ஒப்பிட்டுக் குரல் போய்விட்டது என்று புலம்புகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்தப் பாட்டுக்கு அளவுகோல் 'லைவ் ஆஃப்டர் டெத்'தில் ப்ரூஸ் பாடியதுதான்.

நானும் தம்பியும் எடுத்துக்கொண்டது 'ஃபியர் ஆஃப் த டார்க்'. காரணம் இருக்கிறது. ஸ்டுடியோ பதிவு 1992. அதே வருஷ டூரில் எடுத்த லைவ் பதிவு 1993-இல் 'எ ரியல் லைவ் ஒன்' ஆல்பத்தில் வந்தது. இரண்டிலும் அதே ஐந்து பேர்: குரல் ப்ரூஸ், பேஸ் ஸ்டீவ் ஹாரிஸ், கிட்டார் டேவ் மரேயும் யானிக் கெர்ஸும், ட்ரம்ஸ் நிக்கோ. ஆள் மாறவில்லை, வயசு மாறவில்லை, மாறியது மேடை மட்டும். இப்படி அமைந்த பாட்டு கிடைத்தால் விடாதீர்கள்.

நடுப்பதிவே இல்லாத பாட்டுகளை ஆரம்பத்தில் தொடவேண்டாம். 'அலெக்ஸாண்டர் த கிரேட்' 1986 ஆல்பத்தில் வந்தது; முதல்முறையாக மேடை ஏறியது 2023-இல். அதை எதோடு ஒப்பிடுவது? சில பேண்டுகளில் வரிசையே தலைகீழ். பிங்க் ஃப்ளாய்ட் 'டார்க் சைட்' ஆல்பத்தை 1972 முழுக்க மேடையில் வாசித்துத் தேய்த்த பிறகுதான் 1973-இல் வெளியிட்டார்கள். ரேடியோஹெட்டின் 'ட்ரூ லவ் வெயிட்ஸ்' 1995-இலேயே மேடையில் பாடியது; ஸ்டுடியோ பதிவு வந்தது 2016-இல். அங்கெல்லாம் ஆல்பம்தான் பின்னால் வந்த வடிவம். இன்னொரு பக்கம், பீட்டில்ஸ் 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்' வெளியிட்டுவிட்டு, அதே மாதம் கடைசிக் கச்சேரி செய்தார்கள். அந்த ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை. குவீன் 'பொஹீமியன் ராப்ஸடி'யின் ஓபரா பகுதிக்கு மேடையில் டேப்பைத்தான் ஓடவிட்டார்கள். ஸ்டுடியோவுக்கென்றே பிறந்ததை மேடையில் தேடிவிட்டு ஏமாந்தேன் என்று சொன்னால் அது நம் தப்பு.

செட்லிஸ்ட்டை எண்ணுங்கள்

ஒலிக்கு முன்னால் காகிதம். செட்லிஸ்ட்.எஃப்எம் மாதிரித் தளத்தில் அந்த டூரின் பாட்டு வரிசையை எடுத்து, ஒவ்வொரு பாட்டுக்கும் பக்கத்தில் ஆல்பத்தின் பெயரை எழுதுங்கள். ஐந்து நிமிட வேலை. பேண்ட் தன் பழைய ஆல்பங்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பது பேட்டிகளைவிட இதில் நன்றாகத் தெரியும்.

மெய்டனின் 2025 'ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்' டூர், 1980 முதல் 1992 வரையிலான முதல் ஒன்பது ஆல்பங்களின் பாட்டுகள் மட்டுமே என்று அறிவிக்கப்பட்டது. மொத்தம் 17 பாட்டு. நாங்கள் எண்ணியபோது: 'பவர்ஸ்லேவ்' நான்கு, 'கில்லர்ஸ்' மூன்று, 'த நம்பர் ஆஃப் த பீஸ்ட்' மூன்று, முதல் ஆல்பம் இரண்டு, 'செவன்த் சன்' இரண்டு, 'பீஸ் ஆஃப் மைண்ட்', 'சம்வேர் இன் டைம்', 'ஃபியர் ஆஃப் த டார்க்' தலா ஒன்று. 1990-இல் வந்த 'நோ ப்ரேயர் ஃபார் த டையிங்' பூஜ்யம். ஒன்பது என்று சொல்லிவிட்டு எட்டைத்தான் வாசித்திருக்கிறார்கள். தம்பி ஷோவில் நின்று தொண்டை கிழியக் கத்தியவன், இதைக் கவனிக்கவே இல்லை.

இதே பேண்ட் 2006 டூரில் அப்போது புதிதாக வந்த 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை மேடையில் வாசித்தது. பழைய பாட்டுகளுக்காக வந்தவர்கள் முணுமுணுத்தார்கள். 2006-ஐயும் 2025-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் "இப்ப லைவ் பிரமாதம்" என்று சொல்லவேண்டும். எதை வாசிப்பது என்பதும் லைவின் பாதி.

இன்னொன்றும் பாருங்கள்: வரிசை ஒவ்வொரு இரவும் மாறுகிறதா? மெய்டன் ஒரு டூர் முழுக்க ஏறக்குறைய ஒரே வரிசைதான். ஒரு ஷோவை வைத்து டூரைப் பற்றிப் பேசலாம். பேர்ல் ஜாம் இரவுக்கு இரவு மாற்றுகிறவர்கள். 2000 டூரில் ஏறக்குறைய ஒவ்வொரு ஷோவையும் தனித்தனி ஆல்பமாக வெளியிட்டவர்களும் அவர்கள்தான். மெட்டாலிகாவின் எம்72 டூரில் ஒரே ஊரில் இரண்டு இரவு வாசித்தால் ஒரு பாட்டும் திரும்ப வராது. ஒரு இரவு மட்டும் போனவர் பார்த்தது பாதி.

பதிவை நம்பலாமா?

நான் அடி வாங்கிய இடம் இது. ஒரு வருஷம் 'த ட்ரூப்பர்' பாட்டின் ஒரு லைவ் வீடியோ கிடைத்தது. கேட்டதும் அசந்துவிட்டேன். என்ன வேகம்! இந்த வயசிலும் இப்படியா என்று ஒரு மாசம் எல்லோரிடமும் அதையே பேசிக்கொண்டு திரிந்தேன். கிட்டார் வாசிக்கும் நண்பர் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ட்யூனர் ஆப்பைத் திறந்து போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தார். அந்தப் பாட்டு ஈ (E) ஸ்வரத்தில் முடியவேண்டும். ட்யூனர், அதற்கு அரைஸ்வரம் மேலே உள்ள எஃப் (F) என்று காட்டியது. மெய்டன் அந்தப் பாட்டை ஸ்ருதி ஏற்றி வாசிப்பதில்லை. வீடியோவை ஏற்றியவர், காப்புரிமைச் சோதனையில் மாட்டாமலிருக்க ஓட்டத்தை முடுக்கிவிட்டிருக்கிறார். அரைஸ்வரம் ஏறவேண்டுமானால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடவேண்டும். 150 பிபிஎம் (நிமிடத்துக்கு 150 அடி) பாட்டு 159 ஆகிவிடும். நான் ஒரு மாசம் புகழ்ந்தது யாரோ ஒருவருடைய எடிட்டிங்கை.

அன்றிலிருந்து ரசிகர் பதிவு எதைக் கேட்டாலும் முதல் வேலை ட்யூனர். பாட்டு முடியும் கடைசி ஸ்வரத்தை மட்டும் பிடித்தால் போதும்.

போன் வீடியோவுக்கு வேறு குணங்களும் உண்டு. அரங்கம் கத்தும்போது போன் தானாகவே ஒலியைக் குறைத்துக்கொள்ளும். மெல்லிய இடத்தில் தானாகவே கூட்டிக்கொள்ளும். அதனால் அதில் மெல்லிய பகுதியும் பலத்த பகுதியும் ஒரே அளவில் கேட்கும். ஏற்ற இறக்கத்தைப் பற்றிப் போன் வீடியோவை வைத்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாதீர்கள். பேஸ் கிட்டாரைப் பற்றியும் சொல்லாதீர்கள். அந்தச் சின்ன மைக்கால் அதைத் தாங்க முடியாது. வேகம், ஸ்ருதி, எந்த வரியைப் பாடினார், எதை விட்டார் என்பதற்கு மட்டும் அது போதுமான சாட்சி. 2025 டூரில் போனைக் கூடுமானவரை உள்ளே வைத்திருங்கள் என்று மெய்டன் தரப்பே ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. அப்படியும் வீடியோக்களுக்குப் பஞ்சமில்லை என்பது வேறு கதை.

அதிகாரபூர்வ லைவ் ஆல்பம் என்றால் அப்படியே நம்பிவிடலாமா? அதுவும் இல்லை. தின் லிஸியின் 1978 'லைவ் அண்ட் டேஞ்சரஸ்' எவ்வளவு மேடையில் எடுத்தது, எவ்வளவு பிறகு ஸ்டுடியோவில் சேர்த்தது என்பதில் தயாரிப்பாளர் ஒன்று சொன்னார், பேண்ட் வேறொன்று சொன்னது. ஜூடாஸ் ப்ரீஸ்ட்டின் 1979 'அன்லீஷ்ட் இன் தி ஈஸ்ட்' ஆல்பத்துக்கு 'அன்லீஷ்ட் இன் த ஸ்டுடியோ' என்றே பட்டப்பெயர் உண்டு. பின்பாட்டு பாட ஆளே இல்லாத இடத்தில் கோரஸில் அதே குரல் இரண்டாகக் கேட்டால், ஓடியாடிப் பாடுகிறவருக்கு ஒரு இடத்திலும் மூச்சு வாங்காவிட்டால், சந்தேகப்படுங்கள். எனக்கு இதில் கோபமெல்லாம் கிடையாது. ஆனால் நடுப்பதிவாக அதை வைத்துவிட்டு "அந்தக் காலத்தில் ஒரு பிசிறும் இல்லை" என்று சொல்லக்கூடாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. மெய்டனின் 2000 'ப்ரேவ் நியூ வேர்ல்ட்' ஆல்பத்தை எல்லோரும் ஒரே அறையில் சேர்ந்து வாசித்துப் பதிவு செய்தார்கள். அப்படி எடுத்த ஆல்பத்துக்கும் மேடைக்கும் இடைவெளி குறைவாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டுகள் 'ராக் இன் ரியோ' லைவ் ஆல்பத்தில் ஸ்டுடியோ ஆல்பத்தைப் போலவே இருப்பதற்கு இது ஒரு காரணம் என்பது என் கட்சி.

சத்தத்தைச் சமப்படுத்துவது

சின்ன விஷயம், ஆனால் இதைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வீண். இரண்டு பதிவில் ஒன்று கொஞ்சம் சத்தமாக இருந்தால், அதுதான் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லிவிடும். ஒரு டெசிபல் வித்தியாசமே போதும். சத்தம் கூடியிருப்பதே தெரியாது, "இதில் உயிர் இருக்கிறது" என்று மட்டும் தோன்றும். நான் செய்வது எளிய வழி. பாடகரின் குரல் மட்டும் தெளிவாக வரும் ஒரு வரியை இரண்டு பதிவிலும் மாற்றி மாற்றி ஓட்டி, குரல் ஒரே அளவில் கேட்கும்வரை சத்தமான பதிவைக் குறைப்பேன். குறைந்ததைக் கூட்டுவதில்லை, அது போட்டியாக மாறி கடைசியில் இரண்டும் அலறும்.

எந்தப் பதிப்பு என்பதும் முக்கியம். மெய்டனின் பழைய ஆல்பங்கள் 1998-இல் ஒருமுறை, 2015-இல் ஒருமுறை ரீமாஸ்டர் ஆகி வந்தன. ஸ்ட்ரீமிங்கில் நீங்கள் கேட்பதும் உங்கள் நண்பரிடம் இருக்கும் பழைய சிடியும் ஒன்றல்ல. மாஸ்டரிங்கில், அதாவது வெளியிடுவதற்கு முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலையில், என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு மெட்டாலிகாவின் 2008 'டெத் மேக்னடிக்' நல்ல பாடம்: சிடி பதிப்பை அவ்வளவு நசுக்கியிருந்தார்கள், கிட்டார் ஹீரோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் இதைவிட நன்றாக இருக்கின்றன என்று ரசிகர்கள் அங்கே ஓடினார்கள். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஸ்டீவ் ஹாரிஸ் 'எ மேட்டர் ஆஃப் லைஃப் அண்ட் டெத்' ஆல்பத்துக்கு மாஸ்டரிங்கே வேண்டாம் என்று விட்டுவிட்டார். இந்த இரண்டையும் ஒரே வால்யூமில் வைத்துவிட்டு எது மேடைக்கு நெருக்கம் என்று தீர்ப்பு சொல்லப் பார்த்தால் எப்படி?

கேட்கும்போது

பாட்டை நான்கு தடவை கேளுங்கள், ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் பிடிக்கப் பார்த்தால் கடைசியில் "நல்லாருக்கு" என்பது மட்டுமே மிஞ்சும்.

முதல் சுற்று வேகம். 15 நொடிக்கு எத்தனை அடி என்று எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஒரே இடத்தில் எண்ணினால் போதாது. 'ஃபியர் ஆஃப் த டார்க்' கிட்டார் மெட்டில் தொடங்கும், அப்புறம் எல்லாம் அடங்கி முணுமுணுப்பு மாதிரிக் குரல் வரும், பிறகு திடுமென்று பாய்ந்து ஓடும், கடைசியில் மறுபடி அடங்கி முடியும். அடங்கிய இடத்தில் ஒன்று, பாயும் இடத்தில் ஒன்று என்று இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும். அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியில்தான் பாட்டின் உயிர் இருக்கிறது.

வேகம் குறைந்திருந்தால் உடனே குறை சொல்லக் கிளம்பாதீர்கள், காரணம் இருக்கும். நிக்கோ மெக்ப்ரெய்னுக்கு 2023 ஜனவரியில் பக்கவாதம் வந்து உடம்பின் வலது பக்கம் செயலிழந்தது. சில மாதங்களில் மீண்டு வந்து அந்த வருஷ டூரில் வாசித்தார். 'த ட்ரூப்பர்' பாட்டில் வழக்கமான வேக ஃபில்களை (தாளத்தின் இடையே வரும் சின்ன உருட்டல்களை) தன்னால் அடிக்க முடியவில்லை என்று அவரே சொன்னார். 2024 டிசம்பரில் டூர்களிலிருந்து ஓய்வு பெற்றார். இது தெரியாமல் 2023, 2024 வீடியோக்களைப் போட்டு "ட்ரம்ஸ் சோம்பல்" என்று எழுதியவர்களை என்ன சொல்வது?

இரண்டாவது சுற்று ஸ்ருதி. இதற்கும் அதே ட்யூனர்தான். மெய்டன் பழைய பாட்டுகளை ஆல்பத்தில் இருந்த ஸ்ருதியிலேயே வாசிக்கிறார்கள். மெட்டாலிகா 1990-களின் நடுவிலிருந்து மேடையில் கிட்டாரை அரைஸ்வரம் இறக்கி வாசிப்பவர்கள். அவர்களுடைய எண்பதுகள் ஆல்பத்தையும் இப்போதைய லைவையும் அடுத்தடுத்துக் கேட்டால் லைவ் கனமாகவும் இருட்டாகவும் தோன்றுவதற்குப் பாதிக் காரணம் இதுதான். இறக்குவது தப்பா என்றால், இல்லை. பாடகருக்கு எழுபது நெருங்கும்போது ஸ்ருதியை இறக்கலாம், அல்லது பாட்டையே விட்டுவிடலாம். டீப் பர்பிள் 'சைல்ட் இன் டைம்' பாட்டை மேடையிலிருந்து எடுத்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்த அலறல் இல்லாமல் அந்தப் பாட்டு எதற்கு?

மூன்றாவது சுற்று குரல். உச்ச ஸ்வரம் வருகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், அது எல்லோரும் பார்ப்பது. மூச்சு எங்கே எடுக்கிறார், வரியின் கடைசி எழுத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறார், எந்த வரியைக் கூட்டத்திடம் கொடுத்துவிடுகிறார் என்று பாருங்கள். ப்ரூஸ் 1958-இல் பிறந்தவர். 2015-இல் நாக்கின் அடியில் வந்த புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக் குணமானவர். அவர் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டும்போது அது மூச்சுக்காகவா, பாட்டுக்காகவா என்று கேட்டுப் பாருங்கள். ஒரே வரியை எப்போதும் கொடுத்துவந்திருந்தால் அது பாட்டின் பகுதி. புதிதாக ஒரு வரியைக் கொடுக்கத் தொடங்கியிருந்தால் அது மூச்சு. நடுப்பதிவு இல்லாமல் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது.

நான்காவது, அமைப்பு. யார் எதை வாசிக்கிறார்கள்? 1999-இல் ப்ரூஸும் கிட்டாரிஸ்ட் ஏட்ரியன் ஸ்மித்தும் பேண்டுக்குத் திரும்பி வந்ததிலிருந்து மெய்டனுக்கு மூன்று கிட்டார். எண்பதுகளின் பாட்டுகளெல்லாம் இரண்டு கிட்டாருக்கு எழுதியவை. மூன்றாவது கிட்டார் என்ன செய்கிறது என்று தேடிக் கேளுங்கள்: சில இடத்தில் மெட்டுக்குக் கூடுதலாக ஒரு அடுக்கு, சில இடத்தில் சோலோ நடக்கும்போது கீழே ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் மெட்டு) தளராமல் இருப்பது. எனக்கு இரண்டாவதுதான் முக்கியம். 1992 லைவில் ஒருவர் சோலோவுக்குப் போனதும் கீழே இருப்பது ஒரே கிட்டார். இப்போது அந்தப் பள்ளம் இல்லை.

இந்த நான்காவது சுற்றில்தான் எங்களுக்குள் விஷயம் முற்றியது. 'ஃபியர் ஆஃப் த டார்க்' தொடங்கும் கிட்டார் மெட்டுக்கு வார்த்தை கிடையாது. லைவில் கூட்டம் அதை "ஓ ஓ" என்று கிட்டாரோடு சேர்ந்து பாடும். 1992 லைவ் பதிவிலேயே அது இருக்கிறது. 2001-இல் எடுத்த 'ராக் இன் ரியோ'வில் கிட்டாரை மூழ்கடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. தம்பி சொன்னான்: "இந்தக் கூட்டம் இல்லாம ஆல்பத்துல கேட்டா ஏதோ காலி வீடு மாதிரி இருக்குண்ணா."

நான் அந்த அடங்கிய பகுதியை மட்டும் திரும்ப ஓட்டினேன். முதலில் ஸ்டுடியோ, பிறகு போன் வீடியோ. அந்தப் பாட்டு இருட்டில் தனியாக நடக்கிற ஒருவனைப் பற்றியது. பின்னால் யாரோ வருகிறார்களோ என்று திரும்பிப் பார்க்கிறவன். ஸ்டுடியோவில் ப்ரூஸ் மைக்குக்குப் பக்கத்தில் வாயை வைத்துக்கொண்டு தனக்குள்ளே பேசுகிறார். மேடையில் அதே வரிகளை ஆயிரக்கணக்கானவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு சேர்ந்து பாடுகிறார்கள். அவ்வளவு பேர் கூட இருக்கும்போது அவனுக்கு என்ன பயம்? மூன்றாவது தடவை ஓட்டியபோது தம்பி பேசாமல் இருந்தான். அப்புறம், "சரி, அந்தப் பயம் லைவ்ல இல்லண்ணா. அது திருவிழா" என்றான்.

நான் இறங்கிவந்த இடம் அதற்கு அடுத்த அரை நிமிடம். பாட்டு பாயும் இடம். அந்த ஆல்பத்தை ஸ்டீவ் ஹாரிஸ் தன் சொந்த ஸ்டுடியோவில் பதிவு செய்தார். அதன் ட்ரம்ஸ் ஒலி எனக்கு எப்போதுமே கொஞ்சம் மெலிவுதான். பல வருஷம் ஒப்புக்கொள்ளாமல் இருந்தேன். ஸ்டுடியோவில் வேகம் மாறுகிறது. லைவில் அது வெடிக்கிறது. அதே ஐந்து பேர், அதே வருஷம், மேடை மட்டும்தான் வித்தியாசம் என்பதால் வேறு சாக்கு சொல்லவும் வழியில்லை.

நேரில் போகிறவர்களுக்கு

எங்கே நிற்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். மேடையிலிருந்து 70 மீட்டர் தள்ளி நின்றால் 0.2 நொடி தாமதம்; 150 பிபிஎம் பாட்டில் அது சரியாக அரை அடி. திரையில் ட்ரம்மரின் கை இறங்கி, சத்தம் பிறகு வரும். பேண்ட் இழுக்கிறது என்று அங்கிருந்து சொல்லக்கூடாது. ஒலிக்கலவை செய்கிறவரின் மேஜை எங்கே இருக்கிறதோ அதற்குப் பக்கத்தில் நிற்பதே நல்லது. அவர் தன் காதுக்குத்தான் கலவை செய்கிறார்.

காதடைப்பான் போடுங்கள். நுரைக்கட்டி மாதிரியானது வேண்டாம், அது உச்சஒலியைத்தான் அதிகம் விழுங்கிவிடும். எல்லா அலைவரிசையையும் சமமாகக் குறைக்கும் இசைக் காதடைப்பான் தேவை. இது உடம்புக்கு மட்டுமான அறிவுரை அல்ல, ஒப்பீட்டுக்கும்தான். இரண்டு மணி நேரம் 100 டெசிபல் அளவில் கேட்டால் காது தற்காலிகமாக மரத்துப்போகும். கடைசிப் பாட்டு முதல் பாட்டைவிட மங்கலாகத் தோன்றும். தம்பி அன்று வந்ததும், "வேஸ்டட் இயர்ஸ் சவுண்டு சரியில்லைண்ணா, கிட்டார் புதைஞ்சிருச்சு" என்றான். அதுதான் அந்த ஷோவின் கடைசிப் பாட்டு. காதடைப்பான் எங்கே என்று கேட்டேன். பாக்கெட்டிலிருந்து எடுத்துக் காட்டினான், உறை பிரிக்காமல் அப்படியே இருந்தது.

குறிப்புகளை அன்றிரவே எழுதிவிடுங்கள், வீடியோ எதையும் பார்ப்பதற்கு முன்னால். ஒரு வீடியோ பார்த்துவிட்டால், நீங்கள் நேரில் கேட்டது எது, திரையில் பார்த்தது எது என்று பிறகு உங்களுக்கே தெரியாது. நான் எழுதுவது மூன்றே வரி: எந்தப் பாட்டில் உடம்பு சிலிர்த்தது, எந்தப் பாட்டில் மணி பார்த்தேன், ஆல்பத்தில் இல்லாத எதைக் கேட்டேன்.

அடுத்த சனிக்கிழமைக்குத் தம்பி 'ரைம் ஆஃப் தி ஏன்ஷியன்ட் மரினர்' வேண்டும் என்கிறான். ஒரு தடவைக்கே 13 நிமிடத்துக்கு மேல். மூன்று பதிவு, நான்கு சுற்று என்று கணக்குப் போட்டால் பேச்சில்லாமலே இரண்டரை மணி நேரத்தைத் தாண்டும். சொன்னேன். "அப்ப சாப்பிட்டுட்டே உட்கார்ந்திடலாம்ணா" என்கிறான்.